வேனில் இரண்டு வசதிகள் ஒன்றாக நின்றால் எந்த ஃபியூஸைப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் 12 இருக்கை வேனில் பின்பக்க ஏசி காற்றாடியும், செல்போன் சார்ஜ் செய்யும் 12 வோல்ட் சாக்கெட்டும் ஒரே நாளில் நின்றுவிட்டன. டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஃபியூஸ்களைக் கழற்றிப் பார்த்தேன், எல்லாம் நன்றாகவே தெரிகின்றன. மூடியில் உள்ள படமும் பெட்டியோடு பொருந்தவில்லை. என்ன செய்வது?

பதில்: நீங்கள் திறந்தது ஒரு பெட்டி. வேன்களில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும். பானட்டுக்குள் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒன்று, டேஷ்போர்டுக்கு அடியில் ஒன்று; சில வேன்களில் ஓட்டுநர் இருக்கையின் கீழேயும் உண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் எண் 1 முதல் தொடங்கக்கூடும் என்பதால், ஒரு பெட்டியின் படத்தை வைத்துக்கொண்டு இன்னொன்றில் தேடினால் குழப்பமே மிஞ்சும். பல மாடல்களுக்கும் ஒரே படத்தை அச்சிடுவார்கள். படத்தில் இருக்கும் ஃபியூஸ் உங்கள் வண்டியில் வெறும் குழியாக இருக்கலாம். கறுப்புச் சதுரமாக நிற்கும் ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) முதலில் அடையாளம் காணுங்கள். அவற்றை வைத்துப் படத்தைத் திருப்பிப் பார்த்தால் வரிசை பிடிபட்டுவிடும்.

உங்கள் கேள்வியிலேயே நல்ல தடயம் ஒன்று இருக்கிறது. தொடர்பில்லாத இரண்டு வசதிகள் ஒன்றாக நின்றுள்ளன. ஃபியூஸ் அமைப்பு மரம் போன்றது: பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் முதலில் பெரிய ஃபியூஸ் ஒன்றைக் கடந்து, பிறகு சிறிய ஃபியூஸ்களாகக் கிளை பிரிகிறது. இரண்டு கிளைகள் ஒரே நேரத்தில் வாடினால், அவை பிரியும் இடத்துக்கு மேலே பாருங்கள். அந்தப் பெரிய ஃபியூஸோ, அந்தப் பகுதிக்கு மின்சாரம் தரும் ரிலேயோ பழுதாகியிருக்கலாம்.

கண்ணை நம்ப வேண்டாம். உள்ளே இழை மயிரளவு விரிசல் விட்டிருந்தாலும் வெளியே தெரியாது. சோதனை விளக்கு என்பது ஒரு முனையில் கவ்வியும் மறுமுனையில் ஊசியும் உள்ள சிறு விளக்கு. அதன் கவ்வியை வண்டியின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டி, சாவியை ஆன் நிலையில் வைத்து, ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் ஊசியால் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நலம். ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லை என்றால் அந்த ஃபியூஸுக்கே மின்சாரம் வரவில்லை. உங்கள் வண்டியில் இதைத்தான் எதிர்பார்க்கிறேன். அப்படியானால் அந்தப் பெரிய ஃபியூஸைத் தேடி பானட் பெட்டிக்குப் போங்கள்.

மாற்றும்போது அதே ஆம்பியரில்தான் போட வேண்டும். தட்டை ஃபியூஸ்களில் நிறமே எண்ணைச் சொல்லிவிடும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. ஃபியூஸ் காப்பது காற்றாடியை அல்ல, ஒயரை. 15 ஆம்பியர் இடத்தில் 30 போட்டால் ஃபியூஸ் உருகுவதற்கு முன் ஒயர் கருகும். இருக்கைத் துணிக்கு அடியில் ஓடும் ஒயர் என்றால் பயணிகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தயவுசெய்து இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

புதிய ஃபியூஸும் உடனே போனால் ஒயர் எங்கோ நசுங்கி உலோகத்தில் உரசிக்கொண்டிருக்கலாம். இருக்கைத் தண்டவாளத்தின் அடியிலும், தள்ளுக்கதவின் ஓரத்திலும் முதலில் தேடுங்கள். பெரிய ஃபியூஸ் போல்ட்டால் முறுக்கப்பட்டிருந்தால், அதைத் தொடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.