குண்டுகரிச்சானும் பவழமல்லியும்

அன்புள்ள ஐயா,

விடிகாலையில் குண்டுகரிச்சான் பாடுகிறது, பவழமல்லி உதிர்கிறது. குரலும் சரி, மணமும் சரி, இனப்பெருக்கத்துக்காகப் பிறவியிலேயே வந்தவைதானே? பறவையை மட்டும் ஏன் கலைஞன் என்கிறோம்? பரிணாமத்தில் எது உயர்ந்தது?

ச.

அன்புள்ள ச.,

சில வாரங்களாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எது உயர்ந்தது என்பதை விட்டுவிடுங்கள். பரிணாமம் ஏணி அல்ல. மனிதர்கள் பறவையை என்னவென்று அழைத்தாலும் எனக்குக் கவலையில்லை.

ஆனால் ‘பிறவியிலேயே வந்தவை’ என்று எப்படி எழுதினீர்கள்? பவழமல்லிக்கு அது பொருந்தும். இருட்டத் தொடங்கியதும் மலர்வதும் விடியும்போது உதிர்வதும் விதைக்குள்ளேயே இருக்கின்றன. குண்டுகரிச்சான் பாடும் பறவை இனம். இந்த இனத்தில் குஞ்சுகள் மூத்த பறவைகளைக் கேட்டுத்தான் பாட்டைக் கற்கின்றன. 1950களில் பறவைகளின் நடத்தையை ஆராய்ந்த வில்லியம் தார்ப், சாஃபிஞ்ச் என்ற சிறிய பாடும் பறவையின் குஞ்சுகளைப் பிற பறவைகளின் குரல் கேட்காமல் வளர்த்துப் பார்த்தார். வளர்ந்ததும் அவை பாடத்தான் செய்தன. ஆனால் அந்தப் பாட்டு எளிமையாக, அரைகுறையாக இருந்தது. காதில் விழாத பாட்டு தொண்டைக்கு வரவில்லை. கேட்க வேண்டும், நினைவில் வைக்க வேண்டும், பிறகு தன் குரலையே கேட்டுக் கேட்டுத் திருத்த வேண்டும். இத்தனை உழைப்பையும் ‘பிறவி’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டீர்களே!

அப்பா படுக்கையில் விழுந்த மாதங்களில் எனக்கு இருட்டோடு விழிப்பு வந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே ஓர் இளம் குண்டுகரிச்சான் வரும். நெஞ்சில் இன்னும் பழுப்புப் புள்ளிகள் போகவில்லை. அலகை முழுக்கத் திறக்காமல், தொண்டை மட்டும் துடிக்க, தனக்குள் பேசிக்கொள்வதுபோல் முனகும். நாலைந்து சுரம் ஒழுங்காக வரும், அப்புறம் தடுக்கும். வாலைத் தூக்கி இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஒருநாள் அப்பா கண்ணைத் திறக்காமலே, “இன்னிக்கும் அதே இடத்துல விட்டுட்டான்” என்றார். அவரும் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அந்த இடத்துக்காகவே காத்திருப்போம்.

நன்றாக விடிந்ததும் மரத்தடியில் கிடக்கும் பவழமல்லியை அள்ளி வந்து அவர் தலைமாட்டில் வைப்பேன். காம்பின் காவி விரலில் ஒட்டியிருக்கும். அந்தப் பூ ஒருநாளும் தடுக்கியதில்லை. அப்பா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “அவன் போயிட்டானா?” என்று ஜன்னல் பக்கம் திரும்புவார்.