ஆற்றிலும் கொள்ளையர் உண்டா?

ராயபுரம் சார், பையனின் முதல் கப்பல் அமேசான் ஆற்றில் மனாவுஸ் வரை போகிறது, ஆற்றிலுமா கொள்ளையர் என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நடுக்கடலில் நடந்தால்தான் சட்டப்படி கடற்கொள்ளை. ஆற்றில் நடந்தால் ஆயுதக் கொள்ளை. பெயர்தான் வேறு, கத்தி அதேதான். லண்டன் தேம்ஸில் சரக்குத் திருட்டு தாங்காமல் 1798-லேயே தனி ஆற்றுப் போலீஸ் வைத்தார்கள். தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் ஆற்றில் 2011-ல் 13 சீன மாலுமிகளைக் கொன்றார்கள்.

அமேசானில் எரிபொருள் படகுகள் மேல்தான் அவர்களுக்குக் கண். பெரிய கப்பலுக்கு ஆபத்து நங்கூரம் போட்டு நிற்கும்போது. முகத்துவாரத்தில் மக்காப்பா நகர் அருகே, ஆற்றில் வழிகாட்ட ஏறும் பைலட்டுக்காகக் கப்பல்கள் காத்து நிற்கும். அப்போது கொள்ளையர் நங்கூரச் சங்கிலியைப் பிடித்து ஏறி, அது வெளியே போகும் துளை வழியாக நுழைந்து, கயிறு, பெயின்ட் டின் என்று கிடைத்ததை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். (நான் இருந்த கப்பலில் ஒருமுறை புதுக் கயிறு ஒரு சுருள் போனது. விடிந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்!)

சரி, பையனிடம் சொல்லுங்கள்: ரவுண்ட்ஸ் போகும்போது அந்தத் துளையின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஆளைக் கண்டால் ஹீரோயிசம் வேண்டாம்; வாக்கி டாக்கியில் பிரிட்ஜுக்கு (கப்பலை ஓட்டும் அறைக்கு) சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தட்டும். பாய்மரப் படகோட்டி பீட்டர் பிளேக் 2001 டிசம்பரில் இதே மக்காப்பாவில் துப்பாக்கியோடு எதிர்த்துத்தான் உயிரை விட்டார்.