ரூம் ரெடி சரி, வீட்ல இருக்கிறவங்க ரெடியா?

கேள்வி: அக்கா, எங்களுக்கு 8 வயசுல ஒரு பையன், 4 வயசுல ஒரு பொண்ணு. நானும் அவரும் வேலைக்குப் போறோம். இன்னும் மூணு வாரத்துல வேற நாட்டுல இருந்து ஒரு ஓ பேர் (au pair) பொண்ணு, அதாவது வீட்லயே தங்கி பிள்ளைங்களைப் பாத்துக்கிற பொண்ணு, வந்து ஒரு வருஷம் எங்ககூட தங்கப் போறா. கட்டில், அலமாரி, வைஃபை எல்லாம் ரெடி. ஆனா பையன் "யாரும் வர வேணாம்"னு முரண்டு பிடிக்கிறான், எனக்கும் உள்ளுக்குள்ள படபடன்னு இருக்கு. இன்னும் என்ன பண்ணணும்?

பதில்: படபடப்பு வரத்தான் செய்யும்மா, பெத்த பிள்ளைங்கள ஒருத்தர் கையில குடுக்கப் போறீங்க. ஆனா ஒண்ணு, அங்க அந்தப் பொண்ணுக்கு இதைவிட ரெண்டு மடங்கு இருக்கும், அவ தனியா வர்றா, அதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

நீங்களும் உங்க வீட்டுக்காரரும் முதல்ல உக்காந்து பேச வேண்டிய விஷயம், வர்றது யாருங்கறதுதான். ஓ பேர்ங்கற பிரெஞ்சு வார்த்தைக்கு சரிசமமானு அர்த்தம், அதாவது வேலைக்காரியும் இல்ல, விருந்தாளியும் இல்ல, வீட்ல ஒருத்தி. 1969ல ஐரோப்பிய கவுன்சில்ங்கற (Council of Europe) நாடுகள் அமைப்பு பிரான்ஸ்ல இருக்கிற ஸ்ட்ராஸ்பர்க்ல இதுக்குன்னே ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு, அதுலயே பொதுவா நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாது, வாரத்துல ஒரு முழு நாள் லீவு, அதுல மாசத்துக்கு ஒண்ணாவது ஞாயித்துக்கிழமையா இருக்கணும், மொழி வகுப்புக்குப் போக நேரம் விடணும்னு எழுதியிருக்கு. இப்ப நாட்டுக்கு நாடு விதி மாறும், ஜெர்மனியில வாரத்துக்கு 30 மணி நேரம், அமெரிக்காவுல 45 வரைக்கும் போகலாம் ஆனா ஒரே நாள்ல 10ஐத் தாண்டக்கூடாது. உங்க நாட்டு விதிய பிரிண்ட் எடுத்து ரெண்டு பேரும் ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க, கைச்செலவுக்குக் குடுக்கிற காசையும் ஒரு தேதின்னு முடிவு பண்ணி அன்னிக்கே குடுத்துடுங்க, அவளா வந்து கேக்கிற மாதிரி வைக்காதீங்க.

என் அனுபவம் ஒண்ணு சொல்றேன். எங்க வீட்டுக்கு முதல்ல வந்த பொண்ணுக்கு நான் ரூமுக்கு புது கர்ட்டன் எல்லாம் போட்டு அவ்ளோ பாத்துப் பாத்து பண்ணேன், ரெண்டு வாரம் கழிச்சு குப்பைக்கூடைய எடுத்துக் கொட்டப் போனப்ப அடியில பிஸ்கட் கவரு, நாலா எட்டா மடிச்சு யார் கண்ணுலயும் படாத மாதிரி வச்சிருக்கு. ராத்திரி பசிச்சா ஃபிரிட்ஜைத் திறக்கலாமா கூடாதான்னு அவளுக்குத் தெரியல, நானும் சொல்லல, சொல்லணும்னே எனக்குத் தோணல. அன்னிக்கு நான் அழுதுட்டேன்.

அதனால சொல்றேன், வீட்டு வழக்கம்னு நீங்க யோசிக்காமலே பண்றதை எல்லாம் எழுதி வைங்க. பெரிய புக்கு எல்லாம் வேணாம், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைய காலையில அலாரம் அடிக்கிறதுல இருந்து பிள்ளைங்க தூங்குற வரைக்கும் எழுதினாலே பாதி வேலை முடிஞ்சிடும், யாரு எப்ப எழுந்திரிப்பா, யாரு கொண்டு போய் ஸ்கூல்ல விடுறது, சின்னவ எந்த பொம்மை இல்லாம தூங்க மாட்டா, வாஷிங் மெஷின்ல எந்த பட்டன், ஃபிரிட்ஜ்ல எதையெல்லாம் கேக்காம எடுத்துக்கலாம் (எல்லாத்தையும்னு எழுதுங்க). எமர்ஜென்சி நம்பர், உங்க வீட்டு முழு அட்ரஸ், பிள்ளைங்களுக்கு ஒத்துக்காத மருந்து, இது மட்டும் தனியா ஒரு பேப்பர்ல பெரிய எழுத்துல கண்ணுல படுற இடத்துல ஒட்டிடுங்க, பதட்டத்துல யாருக்கும் அட்ரஸ் வாயில வராது, புது ஊர்ல கேக்கவே வேணாம். வீட்ல கேமரா இருந்தா எங்க இருக்குன்னு முதல் நாளே சொல்லிடுங்க, அவ ரூம்ல இருக்கவே கூடாது. பிள்ளைங்க போட்டோவ அவ ஆன்லைன்ல போடலாமா வேணாமாங்கறதும் அப்பவே.

முடிஞ்சா முதல் வாரம் உங்கள்ல ஒருத்தர் லீவு போடுங்க. வந்த அன்னிக்கு அவ தூங்கட்டும், அடுத்த நாள்ல இருந்து கூடவே நில்லுங்க, அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா விலகுங்க. நீங்க வீட்ல இருக்கும்போது சின்னவ அவகிட்ட கேட்டு கிடைக்கலன்னா உங்ககிட்ட ஓடி வருவா, அப்ப நீங்க சரின்னுட்டா அந்தப் பொண்ணு பேச்சுக்கு அப்பறம் மதிப்பே இருக்காது, யாரு கையில பொறுப்பு இருக்கோ அவங்க சொல்றதுதான்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க. அவ தப்பா சொன்னாலும் பிள்ளைங்க முன்னாடி திருத்தாதீங்க, ராத்திரி தனியா சொல்லுங்க. முதல் பரபரப்பு அடங்கினதும் வீட்டு ஞாபகம் வந்து அவ முகம் வாடும், வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் அவகூட சும்மா உக்காந்து பேசினா பாதி தெரிஞ்சிடும்.

பையன் விஷயம். அவன் வேணாம்னு சொல்றது அவளைப் பத்தி இல்லம்மா, அம்மா இனிமே இன்னும் கம்மியா கிடைப்பாளோங்கற பயம். "நல்ல அக்கா வர்றா"ன்னு சும்மா சும்மா சொல்லாதீங்க, எந்த நேரம் உங்க நேரம், அது மாறாதுன்னு சொல்லுங்க, ராத்திரி நீங்கதான் தூங்க வைக்கிறீங்கன்னா அது அப்படியே இருக்கட்டும். இப்பவே வீடியோ கால்ல ஒரு பத்து நிமிஷம் பேச விடுங்க, பேசலன்னா கட்டாயப்படுத்தாதீங்க. அவனுக்கும் ஒரு வேலை குடுங்க. உங்க வாசக்கதவு சாவிய கொஞ்சம் வெளிய இழுத்துத் திருப்பினாதான் திறக்கும்ங்கற மாதிரி அந்த வீட்ல இருக்கிறவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச சங்கதி ஏதாவது இருக்கும்ல, அதை வந்த அன்னிக்கு அவளுக்கு அவன் சொல்லிக் குடுக்கட்டும், நீங்க பக்கத்துல கூட போகாதீங்க.