பம்ப் அலாரம் அடிக்கவில்லை, சர்க்கரை மட்டும் ஏறியது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 34. பன்னிரண்டு வருடங்களாக டைப் 1 சர்க்கரை நோய். நான்கு மாதங்களாக இன்சுலின் பம்ப் அணிகிறேன். போன வாரம் தூங்கப் போகும் முன், பம்பிலிருந்து உடம்புக்கு இன்சுலினைக் கொண்டுவரும் இன்ஃப்யூஷன் செட்டை மாற்றினேன். காலையில் சர்க்கரை 348, குமட்டல் வேறு. பம்பில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. பம்ப் வழியாக இரண்டு முறை, சர்க்கரையை இறக்கும் கூடுதல் டோஸான கரெக்‌ஷன் கொடுத்தும் இறங்கவில்லை. கடைசியில் புது செட் போட்ட பிறகுதான் இறங்கியது. பம்ப் பொருத்திய நிபுணரை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறேன். மற்றதெல்லாம் குடும்ப டாக்டர்தான். அவரோ ‘பம்ப் எனக்குப் பழக்கமில்லை’ என்கிறார். தவறு எங்கே நடந்தது? குடும்ப டாக்டர் இதில் என்ன செய்ய முடியும்?

பதில்: பம்ப் பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. தோலுக்குள் போன அந்த மெல்லிய முனைக்குழாயான கேனுலாதான் மடங்கியிருக்கும், அல்லது வெளியே நழுவியிருக்கும். செட் மாற்றிய சில மணி நேரத்தில் சர்க்கரை ஏறி, கரெக்‌ஷனுக்கும் அசையவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். இரண்டாவது கரெக்‌ஷனையும் பம்ப் வழியாகவே கொடுத்தீர்களே, அதுதான் ஆபத்தான இடம்.

மோட்டார் எவ்வளவு தள்ளியது என்றுதான் பம்ப் கணக்கு வைக்கிறது. உடம்புக்குள் எவ்வளவு போனது என்று அதற்குத் தெரியாது. அடைப்பு ஏற்பட்டால் குழாயில் அழுத்தம் கூடும். அலாரம் உணர்வது அந்த அழுத்தத்தை. நாள் முழுக்க மெதுவாக ஓடும் அடிப்படை இன்சுலின் (பேசல்) மணிக்கு 0.7 யூனிட் என்றால் வெறும் 0.007 மி.லி. திரவம். அதில் அழுத்தம் சேரப் பல மணி நேரம் ஆகலாம். கேனுலா நழுவி, இன்சுலின் பிளாஸ்டருக்கு அடியில் கசிந்தாலோ அழுத்தமே ஏறாது, அலாரமும் அடிக்காது.

இனி இப்படி நடந்தால் கழற்றிய செட்டை உடனே தூக்கிப் போடாதீர்கள். வெளிச்சத்தில் கேனுலாவின் நுனியைப் பாருங்கள். நேராக இருக்க வேண்டியது கொக்கி மாதிரி வளைந்திருக்கிறதா? உள்ளே ரத்தம் தெரிகிறதா? பிளாஸ்டரின் அடிப்பக்கம் ஈரமாக இருக்கிறதா? முகர்ந்தும் பாருங்கள். இன்சுலின் கெடாமலிருக்கச் சேர்க்கும் மெட்டாகிரெசாலுக்குக் கிருமிநாசினி வாடை உண்டு; அந்த வாடை வந்தால் கசிவு உறுதி.

பம்பில் ஓடுவது லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற துரித இன்சுலின் மட்டும்தான். பேனாவில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நீண்ட நேர இன்சுலின் அடியில் கையிருப்பாக இருந்தது. ஒரு வேளை ஊசி தவறினாலும் அது தாங்கியது. இப்போது அந்தக் கையிருப்பு இல்லை. ஓட்டம் நின்ற சில மணி நேரத்திலேயே, இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருளான கீட்டோன் சேரத் தொடங்கிவிடும். உங்களுக்கு வந்த குமட்டல் அதன் அறிகுறியாக இருந்திருக்கலாம்.

அதனால் முறையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காரணமில்லாமல் சர்க்கரை 250-ஐத் தாண்டினால் ரத்தக் கீட்டோனைப் பாருங்கள். 0.6-க்குக் கீழே என்றால் பம்ப் வழியாக ஒரே ஒரு கரெக்‌ஷன் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்கவில்லை என்றாலோ, முதலிலேயே கீட்டோன் 0.6-க்கு மேல் இருந்தாலோ பம்பை நம்பாதீர்கள். கரெக்‌ஷனைப் பேனாவில் போடுங்கள். உதாரணமாக, ஒரு யூனிட் உங்களுக்கு 50 இறக்கும், இலக்கு 120 என்றால், 348-இலிருந்து 120-ஐக் கழித்தால் 228. அதை 50-ஆல் வகுத்தால் சுமார் நாலரை யூனிட். பிறகு புது இன்சுலின், புது செட், புது இடம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கீட்டோன் 1.5-ஐத் தாண்டினால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். 3-ஐத் தொட்டாலோ, வாந்தி நிற்கவில்லை என்றாலோ, மூச்சு வாங்கினாலோ, மயக்கமாக வந்தாலோ அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. பேனாவில் போட்ட டோஸ் பம்புக்குத் தெரியாது. கசிந்து வீணான டோஸை உடம்பில் வேலை செய்வதாகவும் அது எண்ணிக்கொண்டிருக்கும். அதனால் அடுத்த நான்கு மணி நேரத்துக்குப் பம்ப் சொல்லும் கரெக்‌ஷன் கணக்கை அப்படியே ஏற்காதீர்கள். பேனாவில் போட்ட நேரத்தையும் அளவையும் எழுதி வைத்துக்கொண்டு அதை வைத்துக் கணக்கிடுங்கள்.

தூங்கப் போகும் முன் செட் மாற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பகலில், சாப்பாட்டுக்கு முன் மாற்றினால் அடுத்து சாப்பாட்டுக்காக ஒரே தடவையில் தரும் டோஸ் (போலஸ்) குழாயைக் கொஞ்சம் அலசிவிடும். இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்த்தால் கேனுலா வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். குளிர்ந்த இன்சுலினை நிரப்பாதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்போது அதில் குமிழி கட்டும். குழாயை நிரப்பும்போது அது உடம்போடு இணைந்திருக்கவே கூடாது, மொத்தமும் உள்ளே போய்விடும். நுனியில் சொட்டு தெரிந்த பிறகே இணைக்க வேண்டும். கேனுலாவை நிரப்ப 6 மி.மீ. என்றால் பொதுவாக 0.3 யூனிட், 9 மி.மீ. என்றால் 0.5, உங்கள் செட்டின் கையேட்டில் இருப்பதே இறுதி. புது இடம் பழைய இடத்திலிருந்து 2.5 செ.மீ.யாவது தள்ளி, தொப்புளிலிருந்து 5 செ.மீ. விலகி இருக்கட்டும். வழக்கமான செட்டை இரண்டு மூன்று நாளுக்கு மேல் ஓட்டாதீர்கள்.

குடும்ப டாக்டருக்கு வருகிறேன். பம்பின் பொத்தான்கள் அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அவரால் செய்யக்கூடியது நிறைய. ஒவ்வொரு முறையும் உங்கள் வயிற்றை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் கட்டி கைக்குத் தட்டுப்படும். அங்கே கேனுலா போட்டால் இன்சுலின் ஒரு நாள் போல் ஒரு நாள் ஏறாது. பேசல் அளவு சரியா என்பதையும் அவரே பார்க்கலாம். கடைசி போலஸுக்கு நான்கு மணி நேரம் கழித்துத் தொடங்கி, இரவு முழுக்க எதுவும் சாப்பிடாமல் இருந்தும் சர்க்கரை தொடக்க அளவிலிருந்து 30-க்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ நிபுணரிடம் சொல்ல வேண்டும்.

அவர் எழுதித்தர வேண்டியவை: கீட்டோன் ஸ்ட்ரிப், துரித இன்சுலின் பேனா, நீண்ட நேர இன்சுலின் பேனா, சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டால் ஏற்றுவதற்கான குளுக்ககான். பம்ப் முழுதாக நின்றால் நீண்ட நேர இன்சுலின் எவ்வளவு என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள். மணிக்கு 0.7 வீதம் 24 மணி நேரத்துக்கு 16.8, அதாவது சுமார் 17 யூனிட் என்பது தொடக்கக் கணக்கு. அது வேலை செய்யத் தொடங்கச் சில மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியைத் துரித ஊசியால்தான் நிரப்ப வேண்டும். பம்ப் திரும்பி வந்ததும் பேசலை உடனே முழுதாக ஓடவிட்டால் இரண்டும் சேர்ந்து சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும்.

அவர் தவிர்க்க வேண்டியவையும் உண்டு. பம்ப் ஓடும்போது நீண்ட நேர இன்சுலினைத் தன் பங்குக்குச் சேர்க்கக் கூடாது. ஸ்டீராய்டு தருவதானால் முன்கூட்டியே நிபுணரிடம் பேசிவிட வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரைகளை நிபுணரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. இவற்றில் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோன் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்த்தால், மாற்று இன்சுலின் போடாமல் பம்பைக் கழற்றி வைக்க விடாதீர்கள்.

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது பம்பைக் கழற்றி அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மாட்டிவிட்டால் பொதுவாகச் சிக்கல் இல்லை. நேரம் கூடினால் சர்க்கரை பார்த்து ஊசி தேவைப்படலாம். பேட்டரி மாற்றும் நாளில் பம்பின் கடிகாரத்தையும் பாருங்கள். காலை மாலை மாறியிருந்தால் பகல் பேசல் இரவிலும் இரவு பேசல் பகலிலும் ஓடும். அதற்கும் எந்த அலாரமும் அடிக்காது.