17 வயது மகன் குடித்துவிட்டு பைக் ஓட்டினான்: வழக்கு யார் மேல்?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். டியூஷனுக்குப் போய்வர ஒரு வருடமாக என் பைக்கைத்தான் எடுத்துப்போகிறான், நானும் தடுத்ததில்லை. போன சனிக்கிழமை இரவு நண்பனின் பிறந்தநாளில் பீர் குடித்துவிட்டு ஓட்டி வந்து வாகனச் சோதனையில் மாட்டிக்கொண்டான். ஊதச் சொன்னதில் 64 காட்டியிருக்கிறது. யாருக்கும் அடிபடவில்லை. வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. என் மேலும் வழக்கு வரும் என்கிறார்கள். எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துப்போனான் என்று சொல்லலாமா? ஓட்டியது என் அண்ணன் மகன் என்று சொன்னால் தப்பிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார். இவன் எதிர்காலம் என்னாகும்?

பதில்: 'யாருக்கும் அடிபடவில்லை' என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த வரி இல்லாத கடிதங்களும் எனக்கு வருகின்றன.

முதலில் உங்கள் விஷயம். இந்த வழக்கில் உங்கள் மகனைவிட நீங்கள்தான் அதிகம் சிக்கியிருக்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 செப்டம்பர் முதல் 199ஏ என்ற பிரிவு நடைமுறையில் இருக்கிறது. 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரும் வண்டியின் உரிமையாளரும் குற்றவாளியாகவே கருதப்படுவார்கள். தண்டனை 3 வருடம் வரை சிறை, கூடவே 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். உங்கள் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்று நீதிமன்றம் எடுத்த எடுப்பிலேயே அனுமானித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

தப்பிக்க வழி இருக்கிறது. குற்றம் உங்களுக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது அதைத் தடுக்க உங்களால் ஆன எல்லாக் கவனத்தையும் எடுத்தீர்கள் என்று காட்டினால் இந்தப் பிரிவு உங்களைத் தொடாது. ஆனால் ஒரு வருடமாக டியூஷன் வாசலில் அந்த பைக் நின்றிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருப்பார், கேமராவில் பதிவாகியிருக்கும். 'சாவியைத் தெரியாமல் எடுத்தான்' என்பது முதல் குறுக்கு விசாரணையிலேயே உடைந்துவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. உங்கள் மகன் செய்தது இரண்டு குற்றங்கள்: லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது. முதலாவது உங்களுக்குத் தெரியும், அதை மறுக்க முடியாது. இரண்டாவது உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாது. உங்கள் வழக்கறிஞர் இந்த இரண்டையும் பிரித்து வாதாட வேண்டும். எல்லாவற்றையும் மறுத்தால், உண்மையான பகுதியையும் கோர்ட் நம்பாது. 'ஃபைன் கட்டிவிட்டுப் போய்விடலாம்' என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள், எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அண்ணன் மகனை இழுக்கும் யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட சொகுசு கார் மோதி இரண்டு இளம் ஐ.டி. ஊழியர்கள் இறந்தார்கள். நான்தான் ஓட்டினேன் என்று சொல்லும்படி டிரைவரை மிரட்டினார்கள், பையனின் ரத்த மாதிரியை மாற்றினார்கள் என்றெல்லாம் குற்றச்சாட்டு எழுந்து, தாத்தா, அப்பா, அம்மா என மூவரும் கைதானார்கள். உங்கள் வழக்கு இப்போது இருக்கும் நிலையில் சமாளிக்கக்கூடியது. அதில் ஒரு பொய்யைச் சேர்த்தால், எந்தத் தப்பும் செய்யாத உங்கள் அண்ணன் மகனும் குற்றவாளி ஆவான்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை; 64 என்பது இரண்டு மடங்குக்கும் மேல். பெரியவர் என்றால் முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இவன் மைனர் என்பதால் ஜெயில் கிடையாது. விசாரணை இளைஞர் நீதிக் குழுமத்தில் நடக்கும், நடுவே 18 வயது நிறைந்தாலும் அங்கேதான். ஆலோசனை, சமூக சேவை, அபராதம் என்ற அளவில் உத்தரவு வர வாய்ப்பு அதிகம். வேலைக்கோ படிப்புக்கோ இது தகுதிக்குறைவாக ஆகாது என்று இளைஞர் நீதிச் சட்டம் 24-வது பிரிவு சொல்கிறது.

ஆனால் ஒன்று அவனை நிஜமாகவே பாதிக்கும். 199ஏ-யின்படி 25 வயது வரை அவனுக்கு எல்.எல்.ஆர். கூடக் கிடையாது. கல்லூரி முடித்து, வேலைக்குச் சேர்ந்து, வண்டி தேவைப்படுகிற வருடங்கள் எல்லாம் அதில் போய்விடும். இதை அவனிடம் நீங்களே சொல்லுங்கள், திட்டாமல் சொல்லுங்கள்.

யார் மீதாவது மோதியிருந்தால்? இன்சூரன்ஸ் நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, முழுத்தொகையையும் உங்களிடம் திரும்பக் கேட்கலாம். ஜவாஹர் சிங் என்பவர் 2011-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், பையன் தனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துப்போய்விட்டான் என்றுதான் வாதாடினார். மைனர் கையில் வண்டி சிக்காமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு என்று சொல்லி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. லட்சக்கணக்கான இழப்பீட்டுக்காக வீட்டை விற்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், பீர் வாங்கிக் கொடுத்தது யார்? 18 வயது ஆகாதவருக்கு மது கொடுப்பவருக்கு 7 வருடம் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. குழுமம் கேட்டால் மகன் உள்ளதைச் சொல்லட்டும். நண்பனைக் காப்பாற்றுகிறேன் என்று மழுப்ப வேண்டாம்.

குழுமத்துக்குப் போகும் நாளில் வயதுக்கு ஆதாரமாகப் பள்ளிச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ எடுத்துக்கொள்ளுங்கள். இருவருமே கூடப் போங்கள், அம்மாவை மட்டும் அனுப்பாதீர்கள். டியூஷனுக்கு நாளை முதல் பஸ்ஸில் போகட்டும்.