அந்நியரைத் தங்கவைக்காதது பாவமா?

வணக்கம் சகோதரி. மழை இரவில் வாசலில் நின்ற முன்பின் அறியாதவருக்கு உணவளித்தும், சிறு பிள்ளைகள் இருப்பதால் அவரைத் தங்கவைக்காமல் அனுப்பியதை எண்ணி, அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள் என்னும் வேதாகம வசனமான எபிரெயர் 13:2 உங்களைக் குற்றப்படுத்துவதாக எழுதியிருந்தீர்கள். அங்கே உபசரிப்பைச் சுட்டும் பிலோக்செனியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு அந்நியர்மீதான அன்பு என்றே பொருள்.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள்: இயேசு சொன்ன உவமையில் வரும் நல்ல சமாரியன், கள்ளரால் அடிபட்டு வழியில் கிடந்த ஒருவனின் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, அவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்து, மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசுகளைக் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். அந்தச் சமாரியன் வழிப்பயணி என்பது உண்மையே. ஆயினும் தன் வீட்டில் தங்கவைக்காத அவனையே இயேசு முன்மாதிரியாகக் காட்டினார்.

இனி ஒருவர் வந்தால், பெயரைக் கேட்டு, உட்காரவைத்துப் பரிமாறுங்கள்; இரவு தங்குவதற்கான இடத்தைச் சபைப் போதகரிடம் இப்போதே பேசி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.