பழி பாப்பா மேல் விழக் கூடாது

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எனக்கு ஊர் மதுரைப் பக்கம். கணவரின் வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து நான்கு வருடம் ஆகிறது. மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு ஒன்றே முக்கால். இப்போது மூன்றாவது, ஆறாம் மாதம் நடக்கிறது. ஜனவரி நடுவில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதே ஜனவரியில் மகன் கிரேட் ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தின வருடம்) போக வேண்டும். பாப்பா வரப்போவதைச் சொன்னதிலிருந்து அவன் மறுபடி படுக்கையை நனைக்கிறான், தங்கச்சியைக் கடிக்கிறான். மகள் இன்னும் தாய்ப்பாலை விடவில்லை. "வயித்துல இருக்கறதுக்குச் சேர வேண்டியதை இது குடிக்குது" என்று மாமியார் போனில் சத்தம் போடுகிறார். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன், பிரசவத்துக்கு வர முடியாது. பக்கத்து வீட்டு ஆயா, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், என்ன வேணும் என்று வந்து வந்து கேட்கிறார். அவரைத் தொந்தரவு பண்ணக் கூச்சமாக இருக்கிறது. போன வாரம் மகனை முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அவன் தூங்கின பிறகு உட்கார்ந்து அழுதேன். மூன்று பேரை எப்படிச் சமாளிக்கப் போகிறேன்?
- ஒரு டர்பன் வாசகி

பதில்: அடித்ததிலிருந்தே தொடங்குகிறேன் தங்கச்சி. உங்களை அதுதான் அதிகம் அரிக்கிறது என்று தெரிகிறது. நாளைக் காலையில் அவன் பால் குடிக்கும்போது, "அம்மா அடிச்சது தப்புடா" என்று சொல்லிவிடுங்கள். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஆனா நீ ஏன் பாப்பாவைக் கடிச்சே?" என்று வால் ஒட்டினால் மன்னிப்பு விசாரணையாகிவிடும். (இந்த நாட்டில், பிள்ளையைக் கண்டிக்கத்தான் அடித்தேன் என்று பெற்றவர்கள் சொல்லித் தப்பிக்கும் வழியை அரசியல் சாசன நீதிமன்றம் 2019-லேயே அடைத்துவிட்டது. ஊர்ப் பழக்கத்தில் கை ஓங்கும்போது அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.)

பழகின பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பது இந்தச் சமயத்தில் பல வீடுகளில் நடப்பதுதான். மெத்தை மேல் ஒரு ரப்பர் ஷீட், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மாற்று டிராயர், பேசாமல் மாற்றிவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள். சிறுநீர் போகும்போது எரிகிறது என்றாலோ, தாகம் அடங்காமல் தண்ணீர் கேட்டாலோ மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஜனவரி என்ற சொல் இரண்டு தடவை வருகிறது. நான் அங்கேதான் நின்றுவிட்டேன்.

2003-ல் நாங்கள் இதே டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மூன்றாவது பிரசவத்துக்கு முந்தின வாரம்தான் நடுப்பிள்ளையை எங்கள் கட்டிலிலிருந்து இறக்கி, அக்காவோடு பக்கத்து அறையில் போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் நடுராத்திரி, தண்ணீர் குடிக்க எழுந்து கதவைத் திறந்தால் கால் எதிலோ தட்டியது. நிலைப்படியில் சுருண்டு கிடக்கிறாள். என் பழைய வாயில் புடவை ஒன்றை எங்கிருந்தோ இழுத்து வந்து, மொத்தத்தையும் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வெறும் தரையில். ரெண்டே கால் வயசு. அவள் கணக்கு ரொம்ப எளிது: பாப்பா வந்தது, என் இடம் போச்சு. ரெண்டு மாசம் முன்னாடியே நான் இறக்கியிருந்தால் கோபம் என் மேல் வந்திருக்கும், நான் தாங்கியிருப்பேன். பிறந்து நாலு நாள் ஆன குழந்தை மேல் வந்தது. அந்தக் கோபம் இறங்க ஒரு வருஷம் பிடித்தது.

அதனால் சொல்கிறேன்: படுக்கை மாற்றுவது, பால் மறக்கடிப்பது, குளிப்பாட்டும் கை மாறுவது, எதுவானாலும் நவம்பருக்குள் செய்துவிடுங்கள். முடியவில்லையா, ஈஸ்டர் கழியும்வரை தொடாதீர்கள். இடைப்பட்ட மாதங்களில் வீட்டில் புதுசாக வர வேண்டியது பாப்பா மட்டும்தான்.

பால் விஷயத்தில் மாமியார் பயப்படுகிற மாதிரி இல்லை. சிக்கலில்லாத கர்ப்பத்தில், நீங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டால், மூத்தது குடிப்பதால் வயிற்றில் இருப்பதற்குக் கெடுதல் வராது. முன்பு குறைமாதப் பிரசவம் ஆகியிருந்தாலோ, இப்போது இரத்தக்கசிவு, இறுக்கிப்பிடிக்கும் வலி இருந்தாலோ கதை வேறு; அன்றைக்கே டாக்டரைக் கேளுங்கள். நாலு, அஞ்சு மாதத்துக்கு மேல் பால் தானாகவே குறையும், பிறகு சீம்பாலாக மாறும், ருசியும் மாறும். சில பிள்ளைகள் அதிலேயே விட்டுவிடும். அவள் வாய் வைக்கும்போது உங்களுக்குக் கூசுகிறதா, தள்ளிவிடலாம் போல் இருக்கிறதா? நிறையப் பேருக்கு அப்படி இருக்கும், சொல்லத்தான் மாட்டார்கள். அது உடம்பின் வேலை, பாசம் குறைந்துபோனதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நிறுத்துவதென்றால் முதலில் பகல் பாலை ஒவ்வொன்றாக விடுங்கள், ராத்திரிப் பால் கடைசி. வேப்பெண்ணெய் தடவும் வேலை வேண்டாம். நிறுத்த மனசில்லையென்றால் ரெண்டு பேருக்கும் கொடுக்கலாம். முதல் சில நாள் சீம்பால் மட்டும் புதுசுக்கு முந்திக் கிடைக்கட்டும்.

அடுத்தடுத்துப் பெறும்போது இரத்தம் குறைவது சகஜம். ஹீமோகுளோபின் எண் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடும் பாலோடும் போடாதீர்கள், கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளுங்கள். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாதவர்களுக்கு அரசு கிளினிக்கில் பிரசவம் வரை எல்லாம் இலவசம், ஆறு வயதுக்குள்ளான பிள்ளைகளுக்கும். இது 1994-லிருந்து உள்ளது. மெடிக்கல் எய்ட் இருந்தால், சேர்ந்த தேதியை ஒரு தடவை பாருங்கள்: புதிதாகச் சேர்ந்தவருக்கு ஏற்கெனவே இருக்கும் கர்ப்பத்தின் செலவைப் பன்னிரண்டு மாதம்வரை தள்ளிவைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அழுகை தினமும் வருகிறது, தூக்கம் கிடைத்தும் தூங்க முடியவில்லை என்றால் கிளினிக் சிஸ்டரிடம் அதையும் சொல்லுங்கள். எடையும் பிரஷரும் மாதிரி அதுவும் அவர் கேட்க வேண்டிய விஷயம்தான்.

இனி உங்கள் வீட்டுக்காரர். முழுக் கடிதத்தில் அவர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், அதுவும் வேலைக்காக. நல்ல மனுஷராகத்தான் இருப்பார், பெரும்பாலும் நாம்தான் விடுவதில்லை. மகளை ராத்திரி தூங்கவைப்பது இந்த வாரத்திலிருந்து அவர் பொறுப்பு. முதல் நாலு நாள் வீடு இரண்டுபடும். நீங்கள் அடுத்த அறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்காருங்கள், இடையில் போய்க் காப்பாற்றாதீர்கள். மகனைக் காலையில் கிளப்பிக் கொண்டுபோய் விடுவதும் அவரே. அப்போதுதான் ஜனவரியில் புதுப் பள்ளி வாசலில் அவன் பிடித்திருக்கும் கை பழகின கையாக இருக்கும். பள்ளியில் முன்கூட்டியே பிள்ளைகளை அழைத்துக் காட்டும் நாள் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஒரு நாள் மட்டும் நீங்கள் அவனோடு தனியாகப் போய்வாருங்கள், தங்கச்சி வேண்டாம். லீவு விஷயத்தையும் அவர் இப்போதே ஹெச்.ஆரிடம் பேசட்டும். 2020-லிருந்து அப்பாவுக்குப் பத்து நாள் என்று இருந்தது. 2025 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம், நாலு மாதமும் பத்து நாளும் என்ற விடுப்பைப் பெற்றவர்கள் இருவரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உங்கள் குடும்பத்துக்கு அதில் எத்தனை நாள் வரும் என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

காரையும் அளந்துவிடுங்கள். மூன்று வயதுக்குள்ளான பிள்ளைக்குக் கார் சீட் இங்கே 2015-லிருந்து கட்டாயம். உங்களுக்கு ரெண்டு சீட், பெரியவனுக்கு உயரம் கூட்டும் பூஸ்டர் சீட் ஒன்று. சின்னக் காரின் பின்சீட்டில் மூன்றும் உட்காராமல், ஆஸ்பத்திரி வாசலில் நின்று முழித்தவர்களை எனக்குத் தெரியும்.

பெரியவனிடம் "நீ பெரிய பையன், அண்ணன்" என்பதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். அஞ்சு வயசு அவன் கேட்டு வாங்கின பதவி இல்லை. தங்கச்சியின் பாட்டிலில் குடிக்கிறேன் என்றால் கொடுங்கள், ரெண்டு வாய் குடித்துவிட்டு அலுத்துப் போட்டுவிடுவான். ஆஸ்பத்திரிக்கு அவர்கள் பார்க்க வரும்போது பாப்பா தொட்டிலில் இருக்கட்டும், உங்கள் கை ரெண்டும் காலியாக இருக்கட்டும். பாப்பா பரிசு கொண்டுவந்தது என்று பொம்மை கொடுக்கச் சொல்வார்கள். நானும் செய்தேன். "கடைக்கு எப்பப் போச்சு?" என்று கேட்டாள் என் மூத்தவள்.

கடைசியாக அந்த ஆயா. எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு எதிரிலும் ஒருவர் இருந்தார். தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. சோறு, தண்ணி, பிள்ளை, சாமி, அதற்கு மேல் தமிழ் வராது. ஒருநாள் கேட்காமலே உள்ளே வந்து, குளியலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை முழங்காலுக்குக் கீழே குப்புறப் போட்டு, முதுகில் எண்ணெய் வழித்து வெந்நீர் ஊற்றினார். எங்கள் அம்மாச்சி செய்வது அச்சு அசலாக அதேதான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நோ கிரையிங், கண்ணு, பிள்ளை பாக்குது" என்றார்.

உங்கள் ஆயா மறுபடி வந்து என்ன வேணும் என்று கேட்டால், "ஒண்ணும் வேண்டாம் ஆயா" என்று சொல்லி அனுப்பாதீர்கள். செவ்வாய், வியாழன் சாயங்காலம் நாலு மணிக்கு மகளை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அந்த ஒரு மணி நேரம் மகனோடு தரையில் உட்காருங்கள். போனைச் சமையலறையில் விட்டுவிட்டுப் போங்கள்.